நேசமலர் அக்கா எந்த மொழியில் பாடினார்?

செய்தி வந்தபோது நான் குசினியில் மீன் கழுவிக்கொண்டு நின்றேன். தொலைபேசியை எடுத்தவர் இவர். என் கணவர் தொலைபேசியில் கத்திப் பேசுகிறவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மெல்பேர்னில் எங்கள் கிளென் வேவர்லியில் நின்று சிட்னிக்குப் பேசினால் கம்பி இல்லாமலே சிட்னிக்குக் கேட்கும். அன்று முன்னறையில் சத்தமே இல்லை. கையைக்கூடத் துடைக்காமல் எட்டிப் பார்த்தேன்.

"நேசமலர் அக்கா மோசம் போயிட்டாவாம்," என்றார்.

சிட்னியில், ஸ்ட்ராத்ஃபீல்டில் அவர் படிப்பித்த பள்ளிக்கூடத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். வகுப்பில் கரும்பலகைக்கு முன்னால் நின்றவர் கையில் சுண்ணக்கட்டியோடு விழுந்திருக்கிறார். மூளையில் இரத்தம் கசிந்துவிட்டதாம். நான் தாதி, எத்தனை சாவைப் பார்த்தவள். ஆனாலும் "பொய் சொல்லாதேங்கோ" என்று இவர் மேல்தான் பாய்ந்தேன். அந்த மீனை அன்று யாரும் சமைக்கவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு அக்காவைத் தெரியும். மற்றப் பாதிப் பேருக்கு அக்காவைப் பற்றிய ஒரு கதை மட்டும் தெரியும். "அந்தப் பாட்டுப் போட்டியிலை போய்ச் சிங்களத்திலை பாடின மனுசி" என்ற கதை. அந்தக் கதையை நம்பினவர்களும், நம்பாமலே பரப்பினவர்களும், கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்தவர்களும் இதைக் கடைசி வரைக்கும் வாசிக்க வேண்டும். எனக்கு நயமாக எழுத வராது. வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் நான், எழுத்திலும் அப்படித்தான் இருக்கும்.

நாங்கள் மெல்பேர்னுக்கு வந்த காலத்தில் இங்கே தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? எல்லோரையும் ஒரு வான் வண்டியில் அடைக்கலாம், பிறகும் யாராவது காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம். அக்கா கணித ஆசிரியையாக வேலை கிடைத்துத் தனியாக வந்தவர். கல்யாணம் செய்யவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "கணக்குச் சரிவரேல்லை," என்பார். சனிக்கிழமைகளில் ரயில் எடுத்துக் கடைசித் தரிப்பிடம் வரைக்கும் வந்து எங்கள் வீட்டில் இறங்குவார். என் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பார். பிள்ளைகள் விடையை மட்டும் எழுதிவிட்டு ஓடப் பார்த்தால் காதில் பிடிப்பார். "விடை ஆரும் சொல்லலாம். வழியைக் காட்டு," என்பதுதான் அவருடைய வேதம்.

இளம் வயதில் கொழும்பு வானொலியில் மெல்லிசைப் பாட்டுகள் பாடியவர் அவர். ஆனால் எங்கள் வீட்டு விசேடங்களில் பாடச் சொன்னால் இலேசில் பாட மாட்டார். என் மகனின் பிறந்தநாளில் எல்லோரும் சேர்ந்து நெருக்கினார்கள். "பாடச் சொல்லிக் கேப்பியள். நான் வாய் திறக்க, வடை எங்கையெண்டு கேப்பியள். சனம் கூடக்கூடக் காது குறையும், பிள்ளை," என்றார் என்னிடம். எல்லோரும் சிரித்தோம். பிறகு பாடினார். நடுவில் ஒருவர் எழும்பி வடை எங்கே என்று கேட்டார் என்று சொன்னால் நம்புவீர்களா? கேட்டார். அவரும் இதை வாசிப்பார்.

இங்கே கலர் தொலைக்காட்சி வந்த புதிதில்தான் அந்தப் போட்டி. பல நாடுகள் ஆளுக்கொரு பாட்டோடு வரும். நாடு நாடாகத் தொலைக்காட்சியில் நேரடியாகக் காட்டுவார்கள். அந்த முறை சிட்னியில் ஒரு கலையகத்தில் நடந்தது. இலங்கை அதில் முதல் தடவையாகச் சேர்ந்தது. இலங்கையிலோ அப்போது தொலைக்காட்சியே கிடையாது. வீட்டில் கண்ணாடி இல்லாதவள் அலங்காரப் போட்டிக்குப் போன மாதிரி. ஆனால் சிரிக்க மனம் வரவில்லை. எங்கள் நாட்டின் பெயர் உலகமெல்லாம் தெரியப் போகிறது என்று எங்களுக்கும் ஒரு புளுகம், ஒரு சந்தோசம் இருந்தது. மறைத்து என்ன?

எல்லோரையும் விமானத்தில் அனுப்ப அங்கே வசதியில்லை. ஒரு பாடகி, இரண்டு மேளகாரர், குழுத் தலைவர் என்று ஓர் உத்தியோகத்தர், அவ்வளவுதான் வந்தார்கள். கித்தார் வாசிக்கவும் கூடப் பாடவும் இங்கேயே ஆள் தேடினார்கள். கித்தாருக்கு டெரிக் என்ற, ஐரோப்பிய வம்சத்துப் பறங்கியர் அகப்பட்டார். கொழும்பில் பிறந்து மெல்பேர்னில் குடியேறியவர். ஆங்கிலமும் சிங்களமும் பேசுவார், தமிழில் ஒரு சொல் தெரியாது. பாட அக்காவைப் பிடித்தார்கள். பாட்டு சிங்களப் பாட்டு, கடலைப் பற்றியது. நாட்டில் இரண்டு மொழி இருக்கிறது என்று காட்ட நடுவில் ஒரே ஒரு வரி தமிழில் வைத்திருந்தார்கள். அந்த வரி அக்காவுக்கு. அவர் தனியாகப் பாட வேண்டும், கமரா அவர் முகத்துக்கு வரும்.

ஒரு வரிதானே என்று நினைக்காதீர்கள். அந்த ஒரு வரிக்கு நாங்கள் ஆடின ஆட்டம்! அக்கா தன் ஐயாவுக்கு எழுதினார். ஐயா யாழ்ப்பாணத்தில் இளைப்பாறிய தபாலதிபர். மகள் வானொலியில் பாடியதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர். "பாட்டை ரேப்பிலை பிடிச்சு அனுப்பு" என்று, ஒலிநாடாவிலாவது கேட்க ஆசைப்பட்டுப் பதில் போட்டார். அக்காவிடம் இருந்ததெல்லாம் வெளிறின நூல்சேலைகள். வெள்ளை கமராவுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். மாங்காய்க் கரை போட்ட என்னுடைய கடுகு மஞ்சள் பட்டுச் சேலையைக் கொடுத்தேன். "எங்கையாலும் கறை பட்டால் கொல்லுவன்," என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

போட்டிக்கு முதல்நாள் சிட்னியிலிருந்து அக்கா தொலைபேசியில் பேசினார்.

"சரசு, அந்த வரியையும் சிங்களத்திலையே பாடட்டாம்."

"ஆர் சொன்னது?"

"தலைவர்தான். கொழும்பிலை இருந்து சொல்லிப்போட்டினமாம். தனக்கு மேலை ஆக்கள் இருக்கினம், தன்ர உத்தியோகம் போயிடும் எண்டு கெஞ்சுறார்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"தலையாட்டினன்."

"தலையாட்டினீங்களோ! அக்கா, உங்களுக்கு விசரே? தமிழிலை பாடுங்கோ. இல்லாட்டி மேடையை விட்டு இறங்கி வாங்கோ!"

"ஓம் எண்டும் தலையாட்டலாம், கேட்டனான் எண்டும் தலையாட்டலாம், பிள்ளை. நாளைக்குப் பார்," என்று வைத்துவிட்டார்.

நான் சும்மா இருப்பேனா? எல்லா வீட்டுக்கும் சொன்னேன். அதனால் மறுநாள் மாலை எங்கள் வீட்டில் கூடியவர்களுக்கு ஒரே ஒரு கேள்விதான். அக்கா எந்த மொழியில் பாடப் போகிறார்? கொழும்பில் அரசாங்கக் கந்தோரில் வேலை செய்கிற தம்பி ஒருவர் அக்காவுக்கு இருந்தார். அவரைப் பற்றி அன்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை.

வெங்கடேசன் என்று மதராஸ்காரர் ஒருவர், இவரோடு வேலை செய்கிறவர், ஒலிப்பதிவுப் பெட்டி கொண்டு வந்தார். தொலைக்காட்சிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு அதன்மேல் பெட்டியை வைத்தார். "பாட்டு ஆரம்பிச்சா யாரும் மூச்சுக்கூட விடக்கூடாது. எல்லாம் ரெக்கார்டு ஆயிடும், சொல்லிட்டேன்," என்று அதட்டினார். எல்லோரும் பெரிய மனிதர்கள் போலத் தலையாட்டினோம். பிள்ளைகளை அதட்டி நிலத்தில் இருத்தினோம்.

எங்கள் நாட்டின் பெயரைச் சொன்னார்கள். பாடகி பாடத் தொடங்கினாள். அழகான குரல், அதையும் சொல்லத்தான் வேண்டும். நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். பாட்டு நடுவுக்கு வந்தது. கமரா நகர்ந்தது. திரை முழுக்க நேசமலர் அக்காவின் முகம். பொட்டு, மூக்குத்தி, தோளில் அந்தக் கடுகு மஞ்சள்.

"அந்தா எங்கட சீலை!" என்று கத்தினார் என் கணவர். இத்தனை வருடத்தில் என் சேலை ஒன்றுக்காவது நிறம் சொல்லத் தெரியாத மனுசன்! உடனே பிள்ளைகள் "அக்கா! அக்கா!" என்று குதித்தார்கள். ஒருவர் விசிலடித்தார். பெண்கள் கைதட்டினோம். யாரோ அழுதார்கள். வெள்ளைக்காரனின் பெட்டிக்குள் எங்கள் ஆள், எங்கள் பொட்டு, எங்கள் சேலை! அந்தச் சந்தோசத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் அடங்கி முடிய, கமரா திரும்பவும் அந்தப் பாடகியிடம் போய்விட்டது.

"என்ன பாடினவ?" என்று யாரோ கேட்டார்கள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். "நீங்கள் கேட்டனீங்களே?" "நான் எங்கை கேட்டது, நீங்கள்தானே காதுக்குள்ளை கத்தினது!" வெங்கடேசனைப் பார்த்தோம். "நானா? நான் மெஷினைப் பாத்துட்டிருந்தேங்க," என்றார். நாடாவைத் திருப்பிப் போட்டுக் கேட்டோம். சிங்களப் பாட்டு தெளிவாக வந்தது. பிறகு "அந்தா எங்கட சீலை!" வந்தது. பிறகு விசில், கைதட்டல், கூச்சல். பிறகு மறுபடியும் சிங்களப் பாட்டு. அப்போது விழுந்து விழுந்து சிரித்தோம். அக்கா வந்து சொல்லுவா தானே என்று வடையைச் சாப்பிட்டோம். இலங்கைக்குக் கடைசி இடம் கிடைத்தது. அதைப் பற்றி யாருக்குக் கவலை?

அக்கா திரும்பி வந்ததும் கேட்டேன்; சிரித்துவிட்டுப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பியைத் திறந்துவிட்டார். சிட்னியில் இருந்த இரண்டொரு தமிழ்க் குடும்பங்களைப் பிறகு விசாரித்தோம். அவர்களும் ஒரே வீட்டில் கூடித்தான் பார்த்தார்களாம். அங்கேயும் இதே கூத்து.

ஐயா நாடா கேட்டிருந்ததால் வெங்கடேசன் ஒரு பிரதி எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார். "நம்ம சத்தமும் இருக்கட்டும், பெரியவர் சந்தோசப்படுவார்," என்றார். நாங்களும் ஓம் என்றோம்.

அதற்குள் அங்கே வேறு கதை பரவியிருந்தது. குழுத் தலைவர் திரும்பிப் போய், எல்லாம் சொன்னபடியே நடந்தது, முழுப் பாட்டும் சிங்களத்தில்தான் என்று அறிக்கை கொடுத்துவிட்டார். ஊர்ப் பெடியன்கள் ஐயாவை வழியில் மறித்து, "மகள் சிங்கக் கொடிக்குக் கீழை நிண்டு சிங்களத்திலை பாடினவவாமே?" என்று கேட்டிருக்கிறார்கள். "பொறுங்கோ, ரேப் வருகுது," என்றாராம் ஐயா. ரேப் வந்ததும் ஒரு பெட்டி இரவல் வாங்கி, விறாந்தையில் வைத்து, கேட்ட எல்லோரையும் கூப்பிட்டுப் போட்டிருக்கிறார். என் ஒன்றுவிட்ட அண்ணன் அங்கே நின்றவர். அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். சிங்களப் பாட்டு போனது. பிறகு நாங்கள் ஆனந்தக் கூச்சல் போட்டோம். பிறகும் சிங்களப் பாட்டு. "பாத்தியளே, அங்கை இருக்கிற தமிழர் இதுக்குக் கைதட்டுகினம்," என்று ஒருவன் சொன்னானாம். எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். "என்ர பிள்ளை தமிழிலைதான் பாடியிருப்பாள்," என்று ஐயா வெறும் விறாந்தையைப் பார்த்துச் சொன்னாராம். அதற்குப் பிறகு அவர் வாசிகசாலைப் பக்கம் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை.

இங்கே என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். இல்லாவிட்டால் நான் நினைப்பூட்டுகிறேன். அடுத்த பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். ஊரிலிருந்து கடிதம் கண்ட ஒருவர், பெயர் வேண்டாம், சபை நடுவில் கேட்டார்.

"அக்கா, எந்தப் பாஷையிலை பாடினனீங்கள்? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்திருந்தார். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"இத்தினை பேர் பாத்தனீங்கள்தானே. கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்."

அவ்வளவுதான். கோப்பையைக் குசினியில் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "போட்டு வாறன், சரசு," என்று ரயிலுக்குப் போனார். பதில் சொல்லாததே பதில் என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். தொலைக்காட்சி நிலையத்தைக் கேட்டோம். அந்த நாடாவை அழித்து அதன்மேல் வேறு நிகழ்ச்சி பதிந்துவிட்டார்களாம். சிங்களக் குடும்பங்களிடம் போய்க் கேட்க எங்களுக்கு மானம் விடவில்லை. பறங்கியருக்குத் தமிழ் தெரியாது, அவரிடம் என்னத்தைக் கேட்பது என்று விட்டுவிட்டோம். அக்கா சனிக்கிழமைகளில் வருவது நின்றது. என் சேலை தோய்த்து, மடித்து, தபாலில் வந்தது. ஒரு கறை இல்லை. ஐயா செத்த செய்திக்கு அக்கா வீட்டுக்குப் போனவர்கள் நாங்கள் இரண்டு பேரும் வெங்கடேசனும் மட்டும்தான். அதன் பிறகு அவர் சிட்னிக்கு மாறிப் போனார்.

எழுபத்தேழு இனக் கலவரத்தில் அக்காவின் தம்பியைக் கொழும்பில் வீட்டை விட்டு அடித்துத் துரத்தினார்கள். உடுத்த உடுப்போடு கப்பலில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். வீடும் போச்சு, உத்தியோகமும் போச்சு. அதைக் கேள்விப்பட்டு நான் ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் போனேன். ஒரு அறை, ஒரு கட்டில், மேசை நிறையப் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகள். ஆள் பாதியாகியிருந்தார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"இப்பவாவது சொல்லுங்கோ அக்கா. எந்தப் பாஷை?"

"இனிச் சொல்லி என்ன, பிள்ளை? ஐயாவுக்குக் கேக்குமே?" என்றார். பிறகு சோறு போட்டார்.

செத்தவீட்டுக்கு இவரும் நானும் காரில் போனோம். பள்ளிக்கூட ஆசிரியர்கள் சிலர், அவரிடம் படித்த பிள்ளைகள் சிலர். தமிழர் என்று பார்த்தால் ஒரு கை விரல் போதும். தேவாரம் சொல்ல ஆளில்லாமல் இவர்தான் தாளைப் பார்த்து வாசித்தார். சவப்பெட்டியை உள்ளே கொண்டுபோனபோது நான் ஒப்பாரி வைக்கவில்லை. வெள்ளைக்காரர் பயந்துவிடுவார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் அதுவும் எரிச்சலாக இருக்கிறது.

வெளியே வந்தபோது நரைத்த மனிதர் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கித்தார் வாசித்த டெரிக். மெல்பேர்னிலிருந்து தனியாகக் கார் ஓட்டி வந்திருக்கிறார். ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார்: "அவளுடைய அந்த வரியை ஏன் ஒருவரும் பாடவில்லை?"

"எந்த வரி?" என்றேன்.

"அதுதான், போட்டியில் பாடின வரி." அந்த இடத்திலேயே, மயானத்துக் கார் தரிப்பிடத்தில், அவர் மெல்லப் பாடினார்.

"உன் கடலும் என் கடலும் ஒரே உப்புத்தானே."

'கடலும்' அவர் வாயில் 'கடாலும்' ஆகியிருந்தது. 'உப்பு' நீண்டு 'உப்பூ' ஆகியிருந்தது. ஆனால் தமிழ். சுத்தமான தமிழ். ஒத்திகையில் அக்கா சொல்லிக் கொடுத்ததாம்.

"போட்டியில் இதையா பாடினா? தமிழிலேயா?"

"வேறு எதில்? நான் பின்னால் நின்று வாசித்தேனே. கமராவை நேரே பார்த்துக்கொண்டு பாடினாள். பாட்டு முடிந்ததும் தலைவர் ஓடி வந்தார். 'நீங்களும் வாய் திறக்காதீர்கள், நானும் திறக்க மாட்டேன். என் தம்பியின் வேலையும் உங்கள் வேலையும் தப்பட்டும்' என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்." டெரிக் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்களுக்குத் தெரியாதா? நீங்கள் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தீர்கள்தானே?"

நான் கேட்டேன், "இத்தனை வருடமாக நீங்கள் ஏன் சொல்லவில்லை?" என்று.

"என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே," என்றார் அந்த மனிதர்.

ஆகவே இதை வாசிக்கிற எல்லோருக்கும் சொல்கிறேன். நேசமலர் அக்கா தமிழில்தான் பாடினார். தமிழ் என்று சொன்னால் தம்பியின் சோறு போகும், சிங்களம் என்று சொன்னால் அது பொய். அதனால் வாயை மூடிக்கொண்டு இருந்தார். அதற்குத் தன் ஐயாவின் மானத்தைக் கொடுத்தார், எங்களைக் கொடுத்தார், சனிக்கிழமைகளைக் கொடுத்தார். கடைசியில் தம்பிக்கும் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் காலம் முழுக்கச் சொன்ன மாதிரி, வழி முழுவதும் எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. நாங்கள் விடையைத்தான் கேட்டுக்கொண்டு நின்றோம்.

என்னிடம் அந்த நாடா இருக்கிறது. அதில் அக்கா இல்லை, நாங்கள்தான் இருக்கிறோம். கடுகு மஞ்சள் சேலையும் இருக்கிறது. அதை நான் பிறகு உடுக்கவில்லை. இப்போது இந்த ஒரு வரியும் இருக்கிறது. குசினியில் நிற்கும்போது எனக்குள்ளே பாடிக்கொள்வேன். டெரிக் பாடின மாதிரியேதான், கடாலும் உப்பூவுமாகப் பாடுவேன். இவர் ஒருநாள் கேட்டுவிட்டு, "பிழையாச் சொல்லுறீர், திருத்திப் பாடுமன்," என்றார். மாட்டேன் என்றேன். அக்கா பாடியபோது காது கொடுத்தவர் அந்த மனிதர் ஒருவர்தான்.